ஏ அண்ட் டபிள்யூவில் அந்த ‘ஏ’ யார்? ரூட் பீர் விற்ற ராய் ஆலனின் கதை

ஜொகூர்பாருவில் பெட்ரோல் நிலையக் கடையின் குளிர்பெட்டியைத் திறந்தால், கோலாவுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு பழுப்பு நிற டின் நிற்கும். அதன் பெயரே இரண்டு ஆங்கில எழுத்துகள்தான்: ஏ அண்ட் டபிள்யூ. அதைக் குடித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அது சிறுவயதுச் சுகம். பரீட்சை முடிந்த நாளில் அப்பா அழைத்துப்போய் வாங்கிக் கொடுத்த, நுரை ததும்பும் கண்ணாடிக் குவளை நினைவுக்கு வரும். இன்னொரு கட்சிக்கோ, முதுகுவலிக்குத் தேய்க்கும் தைலத்தை யாரோ சீனிப்பாகில் கரைத்துக் கொடுத்தது போல இருக்கும். நடுநிலை வகிப்பவர்கள் குறைவு.

அந்த இரண்டு எழுத்தும் இரண்டு மனிதர்களின் குடும்பப் பெயர்கள். டபிள்யூ என்பவர் இரண்டே ஆண்டில் கூட்டை விட்டு விலகியவர். ஏ என்பவர்தான் கடையைத் தொடங்கி, வளர்த்து, 31 ஆண்டுகள் கட்டிக் காத்து, பிறகு விற்றவர். அவர் பெயர் ராய் ஆலன். இந்தக் கதையில் மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். பானத்தின் செய்முறை அவருடையது. ஆனால் அவருக்கு டின்னில் ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை.

ராய் ஆலன் 1882-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பிறந்தவர். சமையல்காரரோ மருந்தாளரோ அல்லர். பழைய தங்கும் விடுதிகளை மலிவாக வாங்குவார், செப்பனிடுவார், வண்ணம் அடிப்பார், நல்ல விலை வந்ததும் விற்றுவிடுவார். இன்று வீடமைப்புத் தொழிலில் பலர் செய்வதுதான். ஒரு பொருளின் மதிப்பு பொருளில் மட்டும் இல்லை, அதை எப்படி முன்னால் வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது என்பதை விடுதித் தொழில் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் செய்தது எல்லாமே அந்தப் பாடத்தின் நீட்சிதான்.

அரிசோனா மாநிலத்தில் இருந்தபோது ஒரு மருந்தாளரைச் சந்தித்தார். வேர், பட்டை, மூலிகை, பழம் எனப் பலவற்றைச் சேர்த்து அந்த மருந்தாளர் ஒரு ரூட் பீர் செய்முறையை வைத்திருந்தார். ஆலன் அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்த மருந்தாளரின் பெயர் நிறுவனம் சொல்லும் வரலாற்றில் இடம்பெறவே இல்லை.

*பீர் என்ற பெயரால் வந்த தொல்லை*

ரூட் பீர் ஆலன் கண்டுபிடித்த பானம் அன்று. அமெரிக்காவின் பூர்வகுடியினர் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேரைப் பானத்துக்கும் மருந்துக்கும் பயன்படுத்தினார்கள். வெள்ளையர் வீடுகளிலும் வேர்களைக் கொதிக்க வைத்து, ஈஸ்ட் சேர்த்து, லேசாகப் புளிக்க வைத்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் நன்னாரி வேரைத் தண்ணீரில் போட்டு வைப்பதற்கு மிகத் தூரத்துச் சொந்தம் இது.

அதை வணிகமாக்கியவர் பிலடெல்பியா நகரின் மருந்தாளர் சார்ல்ஸ் ஹயர்ஸ். 1876-இல் அந்நகரில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் தமது பானத்தை அறிமுகப்படுத்தினார். முதலில் அதற்கு வேர்த் தேநீர் என்று பெயர் வைக்க நினைத்தார் என்றும், சுரங்கத் தொழிலாளர்கள் தேநீர் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னதால் பீர் என்று மாற்றினார் என்றும் ஒரு கதை உண்டு. பெயர் விற்பனைக்கு உதவியது. வம்பையும் கொண்டு வந்தது. 1895-இல் அமெரிக்காவின் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் ஹயர்ஸ் பானத்துக்கு எதிராகக் கிளம்பியது. பீர் என்று எழுதியிருந்தால் அதில் மது இருக்கத்தானே வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1898-இல் ஆய்வுக்கூடச் சோதனை நடந்தது. அரை ரொட்டியில் இருக்கும் அளவு மதுதான் ஒரு போத்தலில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே சண்டை ஓய்ந்தது.

இதைப் படிக்கும் மலேசியருக்குச் சிரிப்பு வரலாம். இங்கேயும் அதே பெயர், அதே சங்கடம். ஹலால் சான்றிதழ் விதிகளின்படி, மதுபானத்தின் பெயரைக் கொண்ட பானம் அந்தப் பெயரிலேயே பட்டியலில் இருக்க முடியாது. அதனால் மலேசிய ஏ அண்ட் டபிள்யூ உணவகங்களில் அது ஆர்பி ஆகிவிட்டது. கடைகளில் கிடைக்கும் டின்னிலோ சர்சபரில்லா என்று இருக்கும். நூறாண்டுக்கு மேலாகியும், இரண்டு கண்டங்களிலும், இரண்டு மதத்தாரிடையிலும் இந்தப் பானத்தின் வழக்கு ஒன்றேதான்: உள்ளே இருப்பதற்கும் வெளியே எழுதியிருப்பதற்கும் உள்ள தகராறு.

*லோடாய் ஊரில் ஒரு தெருவோரக் கடை*

1919 ஜூன் 20. கலிபோர்னியாவின் லோடாய் நகரில் முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வரவேற்பு ஊர்வலம். வெயில் காலம். ஆலன் தெருவோரமாக ஒரு சிறு கடை போட்டு, குளிர்ந்த குவளைகளில் ரூட் பீர் ஊற்றிக் கொடுத்தார். ஒரு குவளை 5 காசு.

அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசமைப்பில் மதுவிலக்குத் திருத்தம் அந்த ஆண்டு ஜனவரியிலேயே நிறைவேறிவிட்டது. அது நடப்புக்கு வரவிருந்தது 1920 ஜனவரியில். ஆனால் அதற்கு முன்பே, 1919 ஜூலை 1 முதல் போர்க்கால மதுவிலக்கு தொடங்கியது. ஆலன் கடை திறந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. லோடாய் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர், ஒயின் ஊர். அங்கே, மது வற்றிப்போகும் வாரங்களில், பீர் என்ற பெயரும் நுரையும் கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையும் உள்ள, ஆனால் போதை இல்லாத ஒரு பானம் வந்து நின்றது. குடித்துப் பழகிய கைக்குப் பிடிக்க ஒரு குவளை கிடைத்தது. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடிந்தது. ஆலன் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா, காலம் அவருக்குக் கை கொடுத்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒன்று உறுதி. ஹயர்ஸ் உள்ளிட்ட மற்றவர்கள் ரூட் பீரைப் பொட்டலத்திலும் போத்தலிலும் அடைத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, இவர் குவளையை நம்பினார். வாடிக்கையாளர் கடைக்கு வர வேண்டும், அங்கேயே குடிக்க வேண்டும்.

வியாபாரம் சூடு பிடித்தது. பக்கத்து ஸ்டாக்டனிலும், பிறகு மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவிலும் கடைகள் வந்தன. அவரிடம் வேலை பார்த்த பிராங்க் ரைட் என்பவரை 1922-இல் பங்காளியாக்கிக்கொண்டார். இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்ததில் ஏ அண்ட் டபிள்யூ பிறந்தது. முதலாளி தம் தொழிலாளியின் எழுத்தையும் பலகையில் ஏற்றியது அந்தக் காலத்துக்குச் சாதாரண விஷயமில்லை. 1924-இல் ரைட்டின் பங்கை ஆலன் விலை கொடுத்து வாங்கினார். ஆள் போனார், எழுத்து தங்கிவிட்டது. அதை அழிக்க ஆலன் முயலவில்லை. பலகையில் பதிந்துவிட்ட பெயரை மாற்றக் கூடாது என்ற வியாபாரியின் கணக்காகவும் இருக்கலாம்.

1923-இல் சாக்ரமெண்டோவில் அவர் செய்த ஒரு காரியம் பானத்தைவிடப் பெரிதாகிப் போனது. காடியில் வருபவர்கள் இறங்க வேண்டியதில்லை. கடைப் பையன் தட்டை ஏந்திக்கொண்டு காடிக்கே வருவான். இதைத்தான் டிரைவ்-இன் என்கிறார்கள். உலகின் முதல் டிரைவ்-இன் இதுதான் என்று ஏ அண்ட் டபிள்யூ ரசிகர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல. டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் 1921-லேயே பிக் ஸ்டாண்ட் என்ற கடை இதைத் தொடங்கிவிட்டது. ஆனால் அதைக் கிளை கிளையாக அமெரிக்கா முழுக்கப் பரப்பியவர்களில் ஆலனுக்குத் தனி இடம் உண்டு. நேரமும் சாதகமாக இருந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி காடியில் மலிவான ரகம் 1925 வாக்கில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. காடி வாங்கிய குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போக ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் ஆலன் விற்றார்.

*எழுத்தை விற்ற மனிதர்*

தனியாளாக நாடு முழுக்கக் கடை போட ஆலனிடம் பணம் இல்லை. ஆட்களும் இல்லை. 1925-இல் அவர் கிளையுரிமை விற்கத் தொடங்கினார். பிரான்சைஸ் என்று இன்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். உணவகத் துறையில் அந்த முறையைக் கையாண்ட முன்னோடிகளில் இவர் ஒருவர். அம்பும் வட்டமும் கொண்ட சின்னத்தையும் பெயரையும் பதிவு செய்துகொண்டார். உரிமை வாங்குபவர் ஒரு கட்டணம் கட்டுவார், பானத்தின் அடர்சாற்றை ஆலன் சொல்லும் வழியில் வாங்குவார், தம் ஊரில் ஏ அண்ட் டபிள்யூ பலகையை மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பதே அதன் பலவீனமும்கூட. கட்டடம் எப்படி இருக்க வேண்டும், என்ன சாப்பாடு விற்க வேண்டும், என்ன விலை, எத்தனை மாதம் திறந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஓர் ஊரில் ஏ அண்ட் டபிள்யூவில் ஹாட் டாக் கிடைக்கும், அடுத்த ஊரில் பானத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது. பல கடைகள் குளிர்காலத்தில் பூட்டிவிடும். பின்னாளில் மெக்டோனல்ட்ஸ் உலகுக்குக் காட்டிய, உருளைக்கிழங்கின் தடிமனைக்கூட அளந்து வைக்கும் ஒழுங்கு ஆலனிடம் கடைசிவரை இல்லை. முன்னால் தொடங்கியவர் பின்னால் வந்தவர்களிடம் தோற்றதற்கு இதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கையில் கொஞ்சம் பணமே உள்ள சாதாரணக் குடும்பம் ஒன்று, சொந்தத் தொழில் தொடங்க இந்தத் தளர்ச்சிதான் வழிவிட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் யூட்டா மாநிலத்து இளைஞர் வில்லார்ட் மேரியட். வாஷிங்டன் நகரின் கோடை வெப்பத்தை நேரில் அனுபவித்தவர். இங்கே குளிர்ந்த பானம் விற்றால் ஓடும் என்று எண்ணி உரிமை வாங்கி, 1927 மே 20-ஆம் நாள், 14-ஆவது தெருவில் ஒன்பதே இருக்கைகள் கொண்ட கடையைத் திறந்தார். லிண்ட்பெர்க் பாரிசை நோக்கித் தனியாக விமானத்தில் கிளம்பியதும் அதே நாள்தான். அடுத்த மாதம் மேரியட்டுக்குத் திருமணம். மனைவி ஆலிஸ் கணக்கைப் பார்த்துக்கொண்டார். கோடை முடிந்து குளிர் வந்ததும் குவளையைத் தொட ஆளில்லை. சூடான மெக்சிக்கன் உணவுகளைச் சேர்த்து, ஹாட் ஷாப் என்று பெயர் வைத்துத் தப்பித்தார்கள். 1957-இல் அந்தக் குடும்பம் முதல் தங்கும் விடுதியைத் திறந்தது. ஜொகூரில் பெர்மாஸ் ஜெயா பக்கம் போகிறவர்கள் பார்க்கும் ரினைசன்ஸ் ஹோட்டல், அந்த மேரியட் குழுமத்தின் பெயர்களில் ஒன்று. விடுதித் தொழிலை விட்டு ரூட் பீருக்கு வந்தவர் ஆலன். ரூட் பீரை விட்டு விடுதிக்குப் போனவர் மேரியட். இருவரில் யார் பெரும் பணக்காரர் ஆனார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1929-இல் பங்குச் சந்தை சரிந்து அமெரிக்கா பஞ்சத்தில் விழுந்தது. 5 காசுப் பானம் அந்தக் காலத்திலும் தாக்குப் பிடித்தது. 1933-இல் மதுவிலக்கு முடிவுக்கு வந்து, உண்மையான பீர் திரும்பி வந்தது. ரூட் பீரின் கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டு ஏ அண்ட் டபிள்யூ கடைகள் 170-ஐத் தாண்டியிருந்தன. 1941-இல் 260-க்கு மேல்.

அடித்தது போர்தான். 1942-இல் அமெரிக்காவில் சீனிக்குப் பங்கீடு வந்தது. தட்டு ஏந்திய பையன்கள் துப்பாக்கி ஏந்தப் போனார்கள். சீனியும் இல்லை, ஆளும் இல்லை. பல கடைகள் மூடப்பட்டன. அதே போரில் ஜொகூர் ஜப்பானியர் கையில் இருந்தது. இங்குள்ள தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதை நினைக்கும்போது, கடை பூட்டியதெல்லாம் ஒரு துயரமா என்று தோன்றும். ஆனாலும் ஆலனுக்கு அது இருபது ஆண்டு உழைப்பு. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. திரும்பிய வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு தொழில் கடன் கிடைத்தது. அவர்களில் பலர் ஏ அண்ட் டபிள்யூ உரிமை வாங்கினார்கள். 1919-இல் வீரர்களை வரவேற்கும் ஊர்வலத்தில் தொடங்கிய கடையை, இன்னொரு போரின் வீரர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

1950-இல் கடைகள் 450-க்கு மேல். ஆலனுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஜீன் ஹர்ட்ஸ் என்பவரிடம் தொழிலை விற்றுவிட்டு ஒதுங்கினார். வாங்கி, செப்பனிட்டு, விற்பது அவருக்குப் புதிதல்லவே.

*பத்து ரோட்டுக்கு வந்த குவளை*

ஓய்வுக்குப் பிறகு ஆலன் 18 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் கையை விட்டுப் போன எழுத்து அந்த ஆண்டுகளில்தான் உலகம் சுற்றியது. 1956-இல் கனடாவின் வினிபெக். 1960 வாக்கில் 2,000 கடைகள். 1963-இல் மலேசியா உருவான அதே ஆண்டு, ஓர் அமெரிக்கத் தம்பதி கோலாலம்பூரில் ஏ அண்ட் டபிள்யூவைத் திறந்தார்கள். அப்போது பத்து ரோடு என்றும் இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் என்றும் அழைக்கப்படும் அதே வீதியில். நாட்டின் முதல் துரித உணவகம் அதுதான். கேஎப்சி பத்தாண்டு கழித்து வந்தது, மெக்டோனல்ட்ஸ் இருபதாண்டு கழித்து. பெட்டாலிங் ஜெயாவின் தாமான் ஜெயாவில் டிரைவ்-இன் கடையும் வந்தது. சாக்ரமெண்டோவில் 1923-இல் தொடங்கிய பழக்கம் நாற்பதாண்டு கழித்து இங்கே வந்து இறங்கியது. தோசை, ரொட்டி சானாய், மீ கோரேங் தவிர வேறு கடைச் சாப்பாடு அறியாத எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் வாஃபிளும் முதல் ஐஸ்கிரீம் மிதவையும் அங்கேதான்.

தெம்புராவ் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1966-இல் கடை வந்தது. 2003-இல் அங்கே முழுவதுமாக மூடினார்கள். 16 ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரலில் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் வளாகத்தில் மீண்டும் திறந்தபோது மணிக்கணக்கில் வரிசை நின்றது. அந்த வரிசையில் நின்றவர்கள் பசிக்காக நின்றதாகச் சொல்ல முடியாது.

ராய் ஆலன் 1968-இல் காலமானார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1971-இல், நிறுவனம் முதன்முறையாகத் தன் ரூட் பீரைப் போத்தலிலும் டின்னிலும் அடைத்து மளிகைக் கடைகளுக்கு அனுப்பியது. முதலில் விற்ற இடங்கள் கலிபோர்னியாவும் அரிசோனாவும். ஒன்று ஆலன் கடை போட்ட மாநிலம், மற்றது பெயர் தெரியாத மருந்தாளரின் மாநிலம். இன்று உலகில் மிகப் பலர் அறிந்திருக்கும் ஏ அண்ட் டபிள்யூ, ஆலன் பார்க்காத அந்த டின்தான்.

*சுவை எப்படி?*

குவளைக்கும் டின்னுக்கும் வேறுபாடு கற்பனையன்று. உறைய வைத்த கண்ணாடிக் குவளையில் ஐஸ் கட்டி போட வேண்டியதில்லை, அதனால் பானம் நீர்த்துப் போகாது. வாயகன்ற குவளையில் நுரை எழும்பும்போது வாசனையும் மூக்குக்கு வரும். ரூட் பீரில் பாதிச் சுவை வாசனைதான். டின்னிலிருந்து நேராகக் குடிப்பவர் அந்தப் பாதியை இழக்கிறார், இனிப்பு மட்டும் நாக்கில் மிஞ்சுகிறது.

தைலம் போல இருக்கிறது என்று சொல்பவர்களும் தவறாகச் சொல்லவில்லை. ரூட் பீரின் அடையாள வாசனைகளில் ஒன்று வின்டர்கிரீன் என்ற செடியிலிருந்து வருவது. அதில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள்தான் நம் வீட்டு வலி தைலங்களிலும் இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைக்கு அந்த வாசனை முதலில் மிட்டாயில் அறிமுகமாகிறது. நம் பிள்ளைக்குப் பாட்டியின் முழங்காலில். அதனுடன் வெனிலா, சோம்பு, இலவங்கம் போன்ற சாயல்கள் சேர்கின்றன. சாசஃப்ராஸ் வேர் மட்டும் இல்லை. அதன் எண்ணெயில் உள்ள சஃப்ரோல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று கண்டு அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 1960-இல் தடை விதித்தது. சாசஃப்ராஸ் எண்ணெய் சேர்த்த பழைய ரூட் பீர்கள் எல்லாம் அப்போதே சுவை மாறிவிட்டன.

நன்னாரியையும் இதையும் ஒன்று என்பார்கள். நன்னாரிக்கு ஆங்கிலத்தில் இந்திய சர்சபரில்லா என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம். செடி வேறு, குடும்பமே வேறு. ஆனால் நன்னாரி வேரின் மணப்பொருள், வெனிலாவின் மணப்பொருளுக்கு வேதியியலில் உடன்பிறப்பு போன்றது. இரண்டையும் குடித்தவருக்கு எங்கோ ஒரு சாயல் தட்டுப்படுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பத்துக்கு மதிப்பெண் போடுவதென்றால், உறைந்த குவளையில் ஊற்றிய ஆர்பிக்கு எட்டு தரலாம். வெனிலா ஐஸ்கிரீம் மிதக்கும் குவளைக்கு ஏழு. முதல் நான்கு வாய் அபாரம், பிறகு திகட்டும். நன்றாகக் குளிர்ந்த டின்னைக் கண்ணாடியில் ஊற்றினால் ஆறு, டின்னோடு குடித்தால் ஐந்து. எப் அண்ட் என் சார்சி இதைவிடக் கொஞ்சம் கறாரானது, மருந்து வாடை சற்றுத் தூக்கலாக இருக்கும். ஒரு சிட்டிகை உப்பு போட்டு, பொங்கி அடங்கிய பிறகு குடித்தால் ஏழு. உடல் சூட்டுக்கும் தொண்டைக்கும் நல்லது என்று நம்மவரும் சீனரும் செய்யும் கைவைத்தியம் அது. வைத்தியம் பலிக்கிறதோ இல்லையோ, உப்பு இனிப்பை அடக்குவது உண்மை. எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்தை இந்தப் போட்டியில் சேர்ப்பது நியாயமில்லை. சேர்த்தால் ஒன்பது.

இனிப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஆலன் லோடாயில் கடை திறந்து நூறு ஆண்டும் பதினொரு நாளும் கழித்து, 2019 ஜூலை 1-ஆம் நாள், மலேசியாவில் சீனி பானங்களுக்குக் கலால் வரி வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென். பின்னர் அது உயர்த்தப்பட்டது. அதே 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, மூவரில் ஒருவர் என்ற கணக்கை நெருங்குகிறது. காபின் இல்லை, மதுவும் இல்லை என்பதால் ஏ அண்ட் டபிள்யூவைப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கும் வீடுகள் உண்டு. இல்லாத இரண்டைப் பார்க்கும்போது, இருக்கும் ஒன்றையும் டின்னின் பின்பக்கத்தில் படித்துவிடுவது நல்லது. ஆலன் காலத்தில் ரூட் பீர் என்பது காடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் குடிக்கும் பானம். 24 டின் அட்டைப்பெட்டி வீட்டுக்குள் இருக்கும் காலம் அதன் பிறகு வந்தது.

ஆலன் விற்ற பிறகு அந்த எழுத்துகள் பல கை மாறின. உணவகம் ஒருவரிடமும் போத்தல் வேறொருவரிடமும் போய்விட்டன. மலேசியாவில் டின்னைச் சந்தைக்குக் கொண்டு வருவது கோக்கா கோலா. உணவகத் தொழில் 2018-இல் கேயூபி நிறுவனத்திடமிருந்து இன்னொரு மலேசிய நிறுவனத்துக்குப் போனது. அமெரிக்காவில் உணவக நிறுவனத்தை வைத்திருந்தது யம் பிராண்ட்ஸ், கேஎப்சியின் தாய்க் கழகம். அது 2011-இல் ஏ அண்ட் டபிள்யூ வேண்டாம் என்று விற்க முன்வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதை வாங்கியவர்கள், ஆலன் 1925-இல் தொடங்கி வைத்த வழியில் கிளையுரிமை எடுத்துக் கடை நடத்திவந்த கடைக்காரர்களேதான்.